செந்தூலில் ஆண்டிகனிக்கு ஒரு மேடை

கோலாலம்பூர் சென்ட்ரலில் பத்துமலைக்குப் போகும் கொமுட்டர் ரயிலில் ஏறினால், பழைய கோலாலம்பூர் நிலையம், பேங்க் நெகாரா, புத்ரா ஆகிய நிறுத்தங்களுக்கு அடுத்து வருவது செந்தூல். தைப்பூச நாளில் இந்தப் பாதையில் ரயில் பிதுங்கி வழியும். ஏறியவர்கள் அநேகமாக எல்லோரும் கடைசி நிறுத்தமான பத்துமலைக்குப் போகிறவர்கள். மற்ற நாள்களில் செந்தூலில் இறங்குபவர்கள் வட்டாரத்து மக்கள்தான். வெளியூர்ப் பயணிகளை இங்கே அதிகம் பார்க்க முடியாது. ஆனாலும் கிரேக்கத் துன்பியல் நாடகங்களைப் படித்து, அவை எந்த மண்ணில், எந்தத் தேவையிலிருந்து முளைத்தன என்று யோசித்தவருக்கு மலேசியாவில் முதலில் காட்ட வேண்டிய ஊர் இது. நாட்டின் முக்கியமான நாடக அரங்குகளில் ஒன்று இங்கே இருக்கிறது. அந்த அரங்கு நிற்கும் மண்ணோ, இன்னும் மேடையில் உரிய இடம் பெறாத ஒரு பெருந்துயரத்தோடு ஒட்டிய ரயில்வே மண்.

செந்தூலை ஊராக்கியது ரயில்வே. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயா ரயில்வேயின் மத்தியப் பட்டறை இங்கே அமைந்தது. நீராவி இன்ஜின்களைக் கழற்றிப் பூட்டுவது, பெட்டிகளைப் பழுது பார்ப்பது, இரும்பை உருக்கி வார்ப்பது எல்லாம் ஒரே வளாகத்தில் நடந்தன. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் பட்டறையிலும் தண்டவாளத்திலும் உழைத்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் கிராணிகளாகவும் நிலைய அதிகாரிகளாகவும் இருந்தார்கள். பிரிக்ஃபீல்ட்ஸும் செந்தூலும் இப்படித்தான் ரயில்வே குடியிருப்புகளைச் சுற்றித் தமிழர் வட்டாரங்களாக வளர்ந்தன. கோயில், தேவாலயம், தமிழ்ப்பள்ளி, சங்கம் என்று ஒவ்வொன்றும் அந்தக் குடியிருப்புகளின் நிழலில் வந்தவை. ஜப்பானியர் ஆண்ட காலத்தில், 1945-இன் தொடக்கத்தில், நேச நாடுகளின் பி-29 விமானங்கள் கோலாலம்பூரில் குறி வைத்துக் குண்டு போட்டது இந்தப் பட்டறை மீதுதான். பட்டறை இப்போது செந்தூலில் இல்லை. அதன் நிலத்தின் பெரும்பகுதியில் அடுக்குமாடி வீடுகள் எழுந்துவிட்டன.

மேற்குப் பக்கம், மரங்கள் அடர்ந்த செந்தூல் பூங்காவுக்குள், கோலாலம்பூர் நிகழ்கலை மையம் இருக்கிறது. கேஎல்பேக் என்றால் எல்லோருக்கும் தெரியும். ரயில்வேயின் பழைய செங்கல் கிடங்கு ஒன்றுதான் அதன் உடம்பு. இடையில் சில காலம் கோல்ஃப் விளையாடுவோரின் கூடமாகவும் அது இருந்தது. பழைய சுவர்களையும் வளைவுகளையும் இடிக்காமல், அவற்றோடு கண்ணாடியும் எஃகும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே ஏறத்தாழ 500 பேர் அமரும் பெரிய அரங்கு, 200 பேருக்கும் குறைவாக அமரும் சிறிய அரங்கு, ஒத்திகைக் கூடங்கள். பெரிய அரங்குக்குப் பெந்தாஸ் 1 என்று பெயர்.

இந்த மையம் பிறந்ததே ஓர் இழப்பிலிருந்து. ஃபரிடா மெரிக்கனும் ஜோ ஹாஷமும் 1989-இல் தொடங்கிய 'தி ஆக்டர்ஸ் ஸ்டூடியோ', மெர்டேக்கா சதுக்கத்தின் அடியில் இருந்த வணிக வளாகத்தில் அரங்கு நடத்திவந்தது. 2003 ஜூன் 10 அன்று நகரைத் தாக்கிய திடீர் வெள்ளம் அதை முழுக்க மூழ்கடித்தது. வாடிய நாடகக்காரர்கள் இரண்டே ஆண்டில், 2005-இல், வைடிஎல் நிறுவனமும் புடி பென்யாயாங் அறக்கட்டளையும் துணை நிற்க, செந்தூலில் புதிய வாசலைத் திறந்தார்கள். நாடகம் என்ற கலைக்கு இந்த நகரத்தில் உயிர் வேண்டும் என்று சிலர் பிடிவாதமாக நம்பியதன் விளைவு இந்தக் கட்டடம்.

மையத்தை விட்டு வெளியே வந்து ஜாலான் ஈப்போவுக்குப் போக வேண்டும். நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயில் அந்தச் சாலையில்தான் இருக்கிறது. தைப்பூசத்துக்கு முன் ஓர் இரவில் ஜாலான் துன் எச்.எஸ். லீ மகா மாரியம்மன் கோயிலிலிருந்து புறப்படும் வெள்ளித்தேர், முருகனை ஏற்றிக்கொண்டு இந்தச் சாலை வழியாகத்தான் பத்துமலைக்கு ஊர்ந்து போகிறது. விடிய விடிய சாலையோரம் பந்தல், தண்ணீர், மோர், அன்னதானம், உறுமி மேளம். மறுநாள் தேர் மலையடி சேர்கிறது. 1892 முதல் பத்துமலையில் தைப்பூசம் நடந்துவருகிறது.

கிரேக்க நாடகம் பிறந்த இடத்தைப் புரிந்துகொள்ள இந்தச் சாலையைவிட நல்ல இடம் வேறு இருக்க முடியாது. ஏதென்ஸ் நகரில் ஆண்டுதோறும் இளவேனில் தொடக்கத்தில், நம் பங்குனியை ஒட்டி, டயோனிசஸ் திருவிழா நடந்தது. தெய்வத்தின் சிலையை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்து, தீப்பந்தங்களோடு மீண்டும் நகருக்குள் அழைத்துவருவார்கள். ஊர்வலம், காளைப் பலி, பெருங்குழுவாகப் பாடி ஆடும் ஆண்கள், சிறுவர்கள். அதற்குப் பிறகுதான் நாடகம். அதுவும் போட்டியாக. மூன்று கவிஞர்கள், ஒவ்வொருவருக்கும் மூன்று துன்பியல் நாடகங்கள், கடைசியில் களிப்பான ஒரு நாடகம். பத்து குலங்களிலிருந்தும் குலுக்கல் முறையில் எடுத்த நடுவர்கள் பரிசை முடிவு செய்தார்கள். பாடகர் குழுவுக்கு ஆகும் உடை, பயிற்சி, சாப்பாட்டுச் செலவு முழுவதையும் ஊரின் செல்வர் ஒருவர் ஏற்க வேண்டும். அது கொடை மட்டுமல்ல, கடமையும்கூட. ஊர்த் திருவிழாவில் உபயம் ஏற்கும் வழக்கம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கி.மு. 472-இல் ஏஸ்கிலஸ் எழுதிய 'பாரசீகர்கள்' நாடகத்துக்கு அந்தச் செலவை ஏற்றவர் இளைஞர் பெரிக்கிளிஸ். பின்னாளில் ஏதென்ஸை வழிநடத்தியவர் அவர்.

துன்பியல் நாடகம், டயோனிசஸைப் போற்றிப் பாடிய குழுவின் தலைவர்களிடமிருந்து தோன்றியது என்று அரிஸ்டாட்டில் எழுதுகிறார். கி.மு. 534 வாக்கில் தெஸ்பிஸ் என்பவர் குழுவிலிருந்து தனியே வெளிப்பட்டு, இன்னொருவராக மாறி, குழுவோடு பேசினார் என்பது மரபுச் செய்தி. அங்கே நடிகர் பிறந்தார். ஏஸ்கிலஸ் இரண்டாம் நடிகரைச் சேர்த்தார். சோபாக்ளிஸ் மூன்றாமவரைச் சேர்த்து, பாடகர் குழுவையும் 12 பேரிலிருந்து 15 பேராக்கினார். நடிகர் மூவருக்கு மேல் போகவில்லை. அந்த மூவரே முகமூடியை மாற்றி மாற்றி எல்லாப் பாத்திரங்களையும் ஏற்றார்கள். பெண் வேடமும் ஆண்களே.

டயோனிசஸை மதுவின் தெய்வம் என்று மட்டும் சொல்லி நிறுத்துவது போதாது. அவன் மனிதருக்குள் புகும் தெய்வம். பத்துமலைப் படியடியில் உறுமி உச்சத்துக்கு ஏறும்போது, காவடி எடுப்பவருக்கு அருள் வரும் கணத்தைப் பார்த்தவர்கள் அந்தப் பழைய ஏதென்ஸ் மக்களின் நம்பிக்கையை நெருக்கமாக உணர்வார்கள். எதிரே நிற்பவர் நாம் அறிந்த அண்ணன்தான். ஆனால் இப்போது அவர் மட்டும் அல்ல. நாடக நடிகருக்கும் அதே நிலை. அருள் வருவது வரமாகவும் இருக்கலாம், பேரழிவாகவும் முடியலாம் என்று யூரிப்பிடிஸ் தன் கடைசிக் காலத்து நாடகமான 'பாக்கஸ் பெண்களி'ல் காட்டினார். அதில் ஆவேசம் வந்த தாய், சிங்கம் என்று எண்ணித் தன் மகனைக் கிழித்துப்போடுகிறாள். தெளிந்த பிறகு கையில் இருப்பது யாருடைய தலை என்று அவளுக்குத் தெரிகிறது. 2400 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் காட்சியைப் படிக்கும்போது வயிறு கலங்குகிறது.

தமிழர்களுக்கு இதன் மிக நெருங்கிய உறவு கூத்து. வட தமிழ்நாட்டில் திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதம் படித்து, இரவு இரவாகக் கூத்து நடத்தி, தீமிதியோடு முடிக்கிறார்கள். அந்த வழிபாடு கடல் தாண்டியும் வந்தது. சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலில் ஐப்பசித் தீமிதி 19-ஆம் நூற்றாண்டிலிருந்து நடக்கிறது. அதற்கு முன் பல வாரங்கள் பாரதக் கதையின் கட்டங்களைச் சடங்குகளாக நிகழ்த்துகிறார்கள். கூத்தில் கட்டியங்காரன் உண்டு, பின்பாட்டுக் குழு உண்டு, இருவர் பிடித்த திரைக்குப் பின்னாலிருந்து வேடம் வெளிப்படும் முறை உண்டு. கனத்த கிரீடமும் தோள்கட்டையும் மனிதனை மனிதனைவிடப் பெரிதாக்குகின்றன. துரியோதனன் படுகளத்தன்று மண்ணால் செய்த பெரிய உருவம் தரையில் கிடக்க, பெண்கள் ஒப்பாரி வைக்கிறார்கள். 'கர்ண மோட்சம்' கூத்தைச் சில ஊர்களில் இறந்தவரின் காரியத்தன்று ஆடச் சொல்கிறார்கள். செத்துப்போனவருக்காக ஊர் கூடி உட்கார்ந்து, தோற்கப்போவது தெரிந்தே போருக்குப் போகும் கர்ணனைப் பார்த்து அழுகிறது. துன்பியல் நாடகம் எதற்கு என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை புத்தகங்களில் கிடைப்பது கடினம்.

மேடை அமைப்பில் கிரேக்கர்கள் காட்டிய கூர்மை தனி. ஏதென்ஸ் அக்ரோபோலிஸ் குன்றின் தென்சரிவில் முதலில் மரப்பலகை இருக்கைகள்தான். கி.மு. 4-ஆம் நூற்றாண்டில், லைகர்கஸ் ஏதென்ஸை நிர்வகித்த காலத்தில்தான் முழுக் கல் அரங்காக அது மாறியது. குன்றின் சரிவே இருக்கை வரிசை. அடிவாரத்து வட்டமான தளம் பாடகர் குழு ஆடும் இடம். அதன் பின்னே ஒரு சிறு கட்டடம். அந்தக் கட்டடத்தின் கதவுதான் அரண்மனை வாசல். கொலைகள் அந்தக் கதவுக்குப் பின்னால் நடக்கும். தூதன் ஓடிவந்து நடந்ததைச் சொல்வான். பிறகு சக்கரம் வைத்த பலகையில் சடலங்களை வெளியே உருட்டிவருவார்கள். தெய்வங்கள் பாரந்தூக்கியில் தொங்கியபடி வானிலிருந்து இறங்குவார்கள். கூட்டமும் பாடகர் குழுவும் வெயிலில் இருக்க, வீட்டுக்குள் மட்டும் பயங்கரம் இருட்டில் நடக்கிறது. பார்க்காததைக் கேட்க வைப்பதால் அச்சம் பன்மடங்காகிறது. இன்றைய திரைப்படங்கள் ரத்தத்தைக் காட்டிச் சாதிக்க முடியாததை ஒரு மூடிய கதவு சாதித்தது.

கிரேக்கத்தின் எபிடாரஸ் என்ற இடத்தில் உள்ள பழைய அரங்கில் கீழே 34, மேலே 21 என்று 55 வரிசைக் கல் இருக்கைகள் உள்ளன. ஏறத்தாழ 14,000 பேர் உட்காரலாம். இன்றும் கோடையில் அங்கே பழைய நாடகங்களை நடத்துகிறார்கள்.

தமிழில் மேடைக்கு இலக்கணம் வகுத்த இடம் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை. மூங்கிலில் 24 விரல் அளவுக்கு ஒரு கோல் வெட்டி, அந்தக் கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று அரங்கை அளந்தார்கள். உள்ளே வரவும் வெளியே போகவும் இரண்டு வாயில்கள். தூண்களின் நிழல் ஆடுபவர் மேல் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும். ஒரு பக்கமிருந்து இழுக்கும் திரை, இரு பக்கமிருந்து வரும் திரை, மேலிருந்து இறங்கும் திரை என்று மூன்று வகை. விளக்கின் நிழலைக்கூட யோசித்தவர்களை நாடக அறிவு இல்லாதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. பழைய தமிழரிடம் நாடக மரபு வலுவாக இல்லை என்று பேசுகிறவர்கள் இந்தக் காதையை மறுபடி படிக்க வேண்டும்.

இளங்கோ அதோடு நிற்கவில்லை. துன்பியலின் ஆழமான எண்ணம் ஒன்றைப் பாண்டியன் அவையில் அவர் நிகழ்த்திக் காட்டினார். சிறந்த துன்பியல் கதையின் நாயகன் கொடியவனாக இருக்கக் கூடாது, குற்றமே இல்லாதவனாகவும் இருக்கக் கூடாது என்கிறார் அரிஸ்டாட்டில். நல்லவன் ஒருவன், தன் பிழையால் விழ வேண்டும். நிலை தலைகீழாவதும் உண்மை தெரிவதும் ஒரே கணத்தில் நேர்ந்தால் அதுவே மிகச் சிறந்த அமைப்பு. 'ஈடிபஸ் மன்னன்' நாடகத்தில் அப்படி நேர்கிறது என்று அவர் பாராட்டுகிறார். நெடுஞ்செழியனைப் பாருங்கள். அவன் கொடுங்கோலன் அல்ல. ஊடிய அரசியைச் சமாதானப்படுத்தப் போகிற அவசரத்தில், விசாரிக்காமல் ஒரு சொல் சொல்லிவிட்டான். கண்ணகி சிலம்பை உடைக்கிறாள். உள்ளிருந்து முத்து தெறித்திருந்தால் அவன் நல்ல அரசன். மாணிக்கம் தெறித்தது. அந்த நொடியில் அவனுக்கு எல்லாம் தெரிகிறது. அந்த நொடியிலேயே அரியணையில் விழுந்து உயிர் விடுகிறான். ஈடிபஸ் தன் கண்களைக் குத்திக்கொண்ட இடத்துக்கு இணையாக உலக இலக்கியத்தில் சொல்லத்தக்க காட்சிகளில் இது ஒன்று. இளங்கோ அரிஸ்டாட்டிலைப் படித்தார் என்று யாரும் வாதாட வேண்டியதில்லை. மனித வாழ்வை அதே கூர்மையோடு உற்றுப் பார்த்தவர் அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்.

யவனர்கள் புகார்த் துறைமுகத்திலும் முசிறியிலும் வணிகம் செய்தது எல்லோருக்கும் தெரியும். நாடகமும் அந்தக் கப்பல் வழியோடு தொடர்பு கொண்டிருந்தது என்பதற்கு எகிப்து மணலில் ஒரு சான்று கிடைத்தது. ஆக்ஸிரிங்கஸ் என்ற இடத்தில் எடுத்த பாப்பிரஸ் ஒன்றில், கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கேலி நாடகம் இருக்கிறது. கதை நடப்பது இந்தியக் கடற்கரையில். சரிட்டியன் என்ற கிரேக்கப் பெண் அங்கே சிறைப்பட்டிருக்கிறாள். அரசனுக்கு மதுவை ஊற்றி மயக்கிவிட்டு அவளை மீட்கிறார்கள். யூரிப்பிடிஸின் நாடகம் ஒன்றின் கதைப்போக்கைத் தழுவிய நாடகம் அது. அரசனும் அவன் ஆட்களும் பேசுவதாக எழுதியுள்ள சொற்கள் கன்னடம் என்று ஹூல்ட்ஷ் என்ற அறிஞர் 1904-இல் வாதிட்டார். எல்லோரும் அதை ஏற்கவில்லை. எப்படி இருந்தாலும், இந்தியக் கரையை மனத்தில் வைத்து ஒரு கிரேக்கன் நாடகம் எழுதினான் என்பது உறுதி.

செந்தூலுக்குத் திரும்புவோம். ஏதென்ஸ் தன் சொந்தத் துயரத்தை மேடையில் எப்படிக் கையாண்டது என்பதுதான் இங்கே பயன்படும் பாடம். கி.மு. 494-இல் பாரசீகர்கள் மிலேட்டஸ் நகரத்தை அழித்தார்கள். ஏதென்ஸ் மக்களுக்கு அது உறவு நகரம். ஃபிரினிக்கஸ் அதை நாடகமாக்கினார். அரங்கு முழுவதும் கதறி அழுதது. சொந்தக் கேட்டை நினைவூட்டினார் என்று அவருக்கு ஆயிரம் திராக்மா அபராதம் போட்டு, அந்த நாடகத்தை இனி யாரும் நடத்தக் கூடாது என்று தடுத்தார்கள் என ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். துயரம் மிக அருகில் இருந்தால் பார்க்க முடியாது. ஏஸ்கிலஸ் அதற்கு வேறு வழி கண்டார். மரத்தான் போரில் பாரசீகரோடு நேருக்கு நேர் மோதியவர் அவர். உடன்பிறந்தவனை அங்கேயே பறிகொடுத்தவர். அவர் எழுதிய 'பாரசீகர்கள்', தோற்ற எதிரியின் அரண்மனையில் நடக்கிறது. எதிரியின் தாய் அழுகிறாள். வென்ற ஏதென்ஸ் மக்கள் உட்கார்ந்து அந்த அழுகையைக் கேட்டார்கள், முதல் பரிசும் கொடுத்தார்கள். யூரிப்பிடிஸ் கி.மு. 415-இல் 'ட்ராய் நகரப் பெண்கள்' நாடகத்தைக் கொண்டுவந்தபோது, மீலோஸ் தீவின் ஆண்களைக் கொன்று பெண்களையும் பிள்ளைகளையும் ஏதென்ஸ் அடிமைகளாக விற்று சில மாதங்களே ஆகியிருந்தன. பழங்கதை என்ற தூரத்தை வைத்துக்கொண்டு, நேற்று நடந்ததைப் பேசினார்கள்.

இன்னொன்றும் உண்டு. சட்டம் வகுத்த சோலன் காலத்திலேயே இழவு வீட்டில் பெண்கள் மார்பில் அறைந்து கதறுவதற்கு ஏதென்ஸ் சட்டம் கட்டுப்பாடு போட்டிருந்தது. தெருவில் அடக்கிய அந்த அழுகை மேடையில் ஏறி நின்றது என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஒருவர் எடுத்துச் சொல்ல, குழு ஏந்திப் பாடும் புலம்பல் கிரேக்க நாடகங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. நம் ஒப்பாரியின் அமைப்பும் அதுவே. கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்குமாடிகளில் இப்போது ஒப்பாரி கேட்பது அரிதாகிவிட்டது. தோட்டத்து லயங்களில் பாட்டிமார் கட்டிப் பாடிய பாட்டுகளில் பல அவர்களோடு போய்விட்டன.

அந்தப் பாட்டிமார் எதற்கெல்லாம் அழுதார்கள்? 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. கூலி உயர்வு, மருத்துவ வசதி, பெண்களிடம் தகாத முறையில் நடப்பதை நிறுத்துவது என்று கோரிக்கைகள் இருந்தன. வெள்ளைக்காரத் துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிப்போகும் உரிமை வேண்டும் என்பதும் அவற்றில் ஒன்று. சைக்கிளை விட்டு இறங்க மாட்டேன் என்று ஒரு தொழிலாளி சொல்வதில் முழு நாடகமே இருக்கிறது. தலைவர் ஆர்.எச். நாதன் மே மாதம் கைதானார். பிறகு நாடு கடத்தினார்கள். சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்து ராணுவத்தை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள்.

அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் வந்தார்கள். 1942-இலும் 1943-இலும் தோட்டங்களிலிருந்து ஆள்களைத் திரட்டினார்கள், சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடுவதற்கு. சில மாத வேலை என்றார்கள், நல்ல கூலி என்றார்கள். இலவசப் படம் காட்டுவதாகக் கூட்டம் சேர்த்து, அப்படியே லாரியில் ஏற்றியதாக உயிர் தப்பியவர்கள் சொன்னது பதிவாகியிருக்கிறது. மலாயாவிலிருந்து கொண்டுபோனவர்கள் 70,000-த்தைத் தாண்டுவார்கள் என்பது போருக்குப் பிந்திய கணக்கு. அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். காலரா, மலேரியா, பட்டினி, அடி. அங்கே உழைத்துச் செத்த போர்க் கைதிகளில் ஏறத்தாழ 7,000 பேருக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லோடு கல்லறைகள் உள்ளன. புல் வெட்டி, பூச்செடி வைத்துப் பராமரிக்கிறார்கள். தமிழ்த் தொழிலாளிக்கு அப்படி ஒரு கல் கிடையாது. கூட்டம் கூட்டமாகப் புதைத்தார்கள், எரித்தார்கள், ஆற்றில் விட்டார்கள்.

இந்தப் புள்ளியில்தான் ஆண்டிகனி செந்தூலுக்கு வருகிறாள். கி.மு. 441 வாக்கில் சோபாக்ளிஸ் எழுதிய 'ஆண்டிகனி' நாடகம் ஒரு சடலத்தைப் பற்றியது. தீப்ஸ் நகரின் இரு இளவரசர்கள் ஒருவரை ஒருவர் கொன்று மடிகிறார்கள். ஒருவனுக்கு அரச மரியாதையோடு அடக்கம். மற்றவன் துரோகி, அவன் உடலை நாயும் கழுகும் தின்னட்டும், புதைப்பவருக்கு மரண தண்டனை என்று அரசன் கிரியான் அறிவிக்கிறான். தங்கை ஆண்டிகனி போகிறாள். கைப்பிடி மண்ணைத்தான் அவளால் போட முடிகிறது. பிடிபட்டதும் மறுக்கவில்லை. எழுதாத சட்டம் ஒன்று உண்டு, இறந்தவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாக வேண்டும் என்று சொல்கிறாள். கிரியான் அவளை உயிரோடு குகையில் அடைக்கிறான். அவள் தூக்கு மாட்டிக்கொள்கிறாள், அவளை மணக்கவிருந்த அவன் மகன் தன்னைக் குத்திக்கொள்கிறான், மனைவியும் சாகிறாள். கடைசியில் மனைவியையும் மகனையும் இழந்து கிரியான் தனியே நிற்கிறான், எல்லாம் புரிந்தபடி. நாட்டுக்கு ஒழுங்கு வேண்டும் என்ற அவன் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. இரண்டு நியாயங்கள் மோதும்போது பிழை செய்யாமல் தப்பிக்க வழி இல்லை என்பதுதான் இந்த நாடகத்தின் கொடுமை. கண்ணகியை அறிந்தவர்களுக்கு இவள் அந்நியள் அல்ல.

உலகம் தன் தன் துயரத்தை இந்தப் பெண்ணிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறது. ஜெர்மானியர் பிடியில் இருந்த பாரிஸில் 1944 பிப்ரவரியில் ழான் அனூய் தன் 'ஆண்டிகனி'யை மேடையேற்றினார். ராபன் தீவுச் சிறையில் கைதிகள் ஆண்டிகனி நடித்தார்கள். கிரியானாக நடித்தவர் நெல்சன் மண்டேலா. அந்தச் சிறை நாடகத்தை மையமாக வைத்து ஆதல் ஃபுகார்ட், ஜான் கானி, வின்ஸ்டன் இன்ட்ஷோனா மூவரும் 1973-இல் 'தீவு' என்ற நாடகத்தை உருவாக்கினார்கள்.

மலேசியத் தமிழ் எழுத்து சயாம் பாதையின் துயரத்தை மறந்துவிடவில்லை. ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' எழுதினார். அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' எழுதினார். தோட்ட வாழ்வை ஆங்கிலத்தில் நாடகமாக்கிய கே.எஸ். மணியமும் இந்த நாட்டவர்தான். ஆனால் நாவலைத் தனியே உட்கார்ந்து படிக்கிறோம். தனியே படித்து அழுவது வேறு, 500 பேர் இருட்டில் ஒன்றாக உட்கார்ந்து அழுவது வேறு. அச்சத்தையும் இரக்கத்தையும் எழுப்பி அவற்றிலிருந்து மனத்தைத் தெளியவைப்பது துன்பியலின் வேலை என்று அரிஸ்டாட்டில் சொன்னது, ஊர் கூடிப் பார்த்த ஒரு கலையைப் பற்றி. துயரம் தனித்தனி வீடுகளுக்குள் அடைந்து கிடக்கும்வரை அது வீட்டுக் கதை. மேடைக்கு வந்தால்தான் ஊரின் வரலாறு.

ஏஸ்கிலஸின் 'ஒரெஸ்டியா' கி.மு. 458-இல் மூன்று நாடகங்களாக வந்தது: ஒரு கொலை, அதற்குப் பழி, கடைசியில் நீதிமன்றம். கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் அப்படி மூன்று நாடகங்கள் எழுத முடியும். முதலாவது 1941-இன் சைக்கிள். இரண்டாவது சயாம் காடு. மூன்றாவது, போர் முடிந்து திரும்பியவர்களும் திரும்பாதவர்களுக்காகக் காத்திருந்த பெண்களும். மூன்றுக்கும் பாடகர் குழு தயாராகவே இருக்கிறது: லயத்துப் பெண்கள். அவர்கள் ஒப்பாரியில் பேசுவார்கள். இசைக்கு உறுமி போதும். பிரிக்ஃபீல்ட்ஸ் ஜாலான் பெர்ஹாலாவில் உள்ள நுண்கலைக் கோயிலில் பல தலைமுறைப் பிள்ளைகள் ஆடவும் பாடவும் கற்றிருக்கிறார்கள். நடிப்பவர்களுக்கும் ஆடுபவர்களுக்கும் இந்தப் பள்ளத்தாக்கில் பஞ்சம் இல்லை.

மலேசியத் தமிழ் நாடகக் குழுக்களிடமும், தமிழ்த் துறைகளிடமும், பழைய மாணவர் சங்கங்களிடமும் கேட்க வேண்டியது ஒன்றுதான். ஆண்டிகனியை நல்ல பேச்சுத் தமிழில் எழுதுங்கள். காஞ்சனபுரியில் கல்லறை இல்லாத அண்ணனுக்காக மண் அள்ளும் தோட்டத்துப் பெண்ணாக அவளை எழுதுங்கள். அந்தக் காலத்தைப் பார்த்தவர்களில் ஒருவர் இருவர் இன்னும் பேசக்கூடிய நிலையில் இருந்தால், அவர்கள் பாட்டையும் பேச்சையும் இப்போதே பதிவு செய்யுங்கள். மேடையேற்றச் செந்தூலைத் தேர்ந்தெடுங்கள். வாசகர்கள் செய்ய வேண்டியதும் உண்டு: தமிழ் நாடகம் என்ற அறிவிப்பைப் பார்த்தால், இலவச அழைப்பிதழுக்குக் காத்திராமல் டிக்கெட் வாங்கி, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் உட்காருங்கள்.